வடிவுக்கு முதல் வடிகால்



போன எபிசோட்டில் "என்ர கம்பியூட்டர் தண்ணியில ஓடுது" என்று போகிற போக்கில் சொன்னன். அதுக்குப் பிறகு வந்த மெயில்களில் முக்கால்வாசி பார்ட்ஸ் லிஸ்ட்தான். "அண்ணா, இது சரியா? ஓர்டர் பண்ணவா?" எல்லாமே ஹார்ட் டியூப். அதாவது ரப்பர் ஹோஸ் இல்லை, சூடாக்கி வளைக்கிற, கண்ணாடி மாதிரி விறைப்பான குழாய். தண்ணி என்ன நிறம், ஃபிட்டிங் கறுப்பா வெள்ளியா, விசிறி எத்தனை என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தீர்கள். ஆனால் ஒரு லிஸ்ட்டில்கூட, ஊத்தின தண்ணியைத் திரும்ப வெளியே எடுக்க ஒரு வால்வு இல்லை.

குறை சொல்லவில்லை. என்ர முதல் லிஸ்ட்டிலும் அது இருக்கவில்லை. அதனால் எனக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் இரண்டு நாள் சம்பளமும் போனது.

என்ர கருத்தை முதலே சொல்லிவிடுகிறன். ஹார்ட் டியூப் லூப்புக்குப் பார்ட்ஸ் தெரிவு செய்யிறதை, "இதை எப்படித் திறப்பேன்?" என்ற கேள்வியில் தொடங்க வேணும். எப்படி வடிவாக இருக்கும் என்பது கடைசிக் கேள்வி. யூடியூபில் இது தலைகீழாக இருக்கு. இன்னொன்று: இந்த விசயத்தில் எங்களை விடக் கனக்கத் தெரிஞ்ச ஆக்கள் எங்கட வீட்டிலேயே இருக்கலாம். நாங்கள்தான் கேட்கிறதில்லை.

முதல்ல, இது தேவையா?

தேவையில்லை. நல்ல ஒரு காற்றுக் கூலர் 100 யூரோவுக்குள் வரும், பெரும்பாலான சிபியுக்களை அது தாராளமாகச் சமாளிக்கும். உடையவும் மாட்டாது, ஒழுகவும் மாட்டாது.

தண்ணி எங்கே உண்மையாக உதவும் என்றால், பெரிய கிராஃபிக்ஸ் கார்டில். ஆர்டிஎக்ஸ் 5090க்கு என்விடியா குறிப்பிடுகிற மின் அளவு 575 வாட். அது கிட்டத்தட்ட ஒரு சின்ன ரைஸ் குக்கர். அந்தச் சூட்டை இரண்டு மூன்று சின்ன விசிறியால் தள்ளுகிறதை விட, தண்ணியில் ஏத்திக்கொண்டு போய் ஒரு பெரிய ரேடியேட்டரில் ஆறுதலாக விடுகிறது சத்தம் குறைவு. நான் நாள் முழுக்கக் கிளையன்ட்டோடு கோலில் இருக்கிறவன், எனக்கு அந்த அமைதி பெறுமதியானது.

ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். வோட்டர் கூலிங் அறையைக் குளிராக்காது. 700 வாட் உள்ளே போனால் 700 வாட் சூடு அறைக்குள்தான் வரும், காற்றால் வந்தாலும் தண்ணியால் வந்தாலும். யூலை மாதம் டாஹ்கெஷொஸில் ஏசி இல்லாமல் இருக்கிற ஆள், "தண்ணி போட்டால் அறை குளிரும்" என்று நினைத்து வாங்கினால் ஏமாந்து போவார்.

வடிவாக இருக்கு என்பதுக்காகச் செய்கிறதும் நியாயமான காரணம்தான். எனக்கும் அதுதான் பாதிக் காரணம். அதை ஒத்துக்கொண்டு செய்யலாம். ஆனால் வருசத்துக்கு ஒரு தடவை வேகே மாறுகிற ஸ்டூடன்ட் என்றால் ஹார்ட் டியூப் வேண்டாம். ஈபிடிஎம் ரப்பர் ஹோஸ் போடுங்கள். அது ஆட்டத்தைத் தாங்கும், கத்தரிக்கோலால் வெட்டலாம், பிழைத்தால் திரும்பவும் வெட்டலாம்.

அந்த வெள்ளிக்கிழமை

என்ர அப்பா 80களில் வந்தவர். முதல் கொஞ்ச வருசம் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். பிறகு 20 வருசத்துக்கு மேல டோர்ட்முண்டில் ஒரு ஹைசுங் பூட்டுகிற ஃபிர்மாவில் ஹெல்ஃபர். குழாய் தூக்கிறது, வெட்டுறது, பொருத்துறது, கெல்லரில் படுத்துக்கிடந்து கசிவு தேடுறது. கையில் எந்தச் சான்றிதழும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழில் என்ன என்று கேட்கிற படிவத்தில் நான் "டெக்னிக்கர்" என்று எழுதினன். ஏன் என்று உங்களில் கனபேருக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் முதல் ஹார்ட் டியூப் மெஷினைக் கட்டி முடிச்ச அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கு வந்திருந்தினம். அப்பா கேஸுக்கு முன்னால குந்தியிருந்து, ஃபோன் லைட்டைப் பிடிச்சு, ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார்.

"வடிவா இருக்கு தம்பி. தண்ணி எங்கால இறக்கிறது?"

"அப்பா, இது ஹைசுங் இல்லை. கம்பியூட்டர்."

"சரி அப்பன்" என்று சொல்லிவிட்டு எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். நானும் அந்தக் கதையை மறந்துபோனன்.

எட்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மேல் ஃபிட்டிங் ஒன்றில் இருந்து கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில் ஒரு சொட்டு. துடைத்தன். கால் மணித்தியாலத்தில் இன்னொரு சொட்டு. திங்கள் காலமை கிளையன்ட்டின் சிஸ்டத்தைப் புது சேர்வருக்கு மாத்த வேணும். நான் ஃப்ரீலான்ஸ், வேலை செய்த மணித்தியாலத்துக்குத்தான் ரெஹ்னுங் எழுதலாம்.

மெஷினை நிப்பாட்டினன். அந்த ஃபிட்டிங்கைத் திறக்கத் தண்ணியை இறக்க வேணும். இறக்க இடம் இல்லை. ரப்பர் ஹோஸ் என்றால் ஒரு முனையைக் கழட்டி வாளிக்குள் வளைக்கலாம். ஹார்ட் டியூப் வளையாது. கழட்டின உடனே, எந்த முனையால் வர வேணும் என்று அதுவே முடிவு பண்ணும். குளிக்கிற தொட்டிக்கு மேல கேஸைச் சரிச்சுப் பிடிச்சன். தண்ணி தொட்டிக்குள் போகவில்லை, கார்டுக்கு மேலால் போனது.

இதிலும் கார்ட் தப்பியிருக்கும். மின்சாரம் இல்லாமல் ஒரு கிழமை காய விட்டிருக்க வேணும். திங்கட்கிழமை வேலை கண்ணுக்கு முன்னால நிற்க, சனி பின்னேரம் ஹேர் ட்ரையர் பிடிச்சுவிட்டுப் போட்டன். அவ்வளவுதான்.

ஞாயிறு அப்பா வந்தார். ஒழுகின ஃபிட்டிங்கைக் கழட்டி, குழாயின் முனையைச் சுற்றி விரலால் தடவினார். "வெட்டின பிறகு இதைத் தேய்க்கேல்லையே?" உள்ளே இருந்த ஓ-ரிங்கில் நகத்தால் கீறின மாதிரி ஒரு வெட்டு. குழாயை அறுத்த கூர் விளிம்பைத் தேய்க்காமல் நான் தள்ளினபோது பட்டது. அந்த வெட்டு எட்டு மாதம் தாங்கியிருக்கு. பிழை முழுக்க என்னுடையது, பார்ட் விற்ற கடையுடையது இல்லை.

"நான் அண்டைக்கே கேட்டனான்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். மாத்துற வேலையைப் பழைய லாப்டொப்பில் இழுத்துப்பறிச்சு முடிச்சன். இரண்டு நாள் கணக்கில் எழுதாமல் போனது.

கெல்லருக்குள் இருக்கிறதும் கேஸுக்குள் இருக்கிறதும்

இரண்டு கிழமைக்குப் பிறகு அப்பா என்னைத் தங்கட வீட்டுக் கெல்லருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பார்த்தது எல்லாம் எனக்கு ஏற்கனவே தெரிந்த சாமான்கள்தான், அளவுதான் வேற.

குழாய்களின் ஆகக் கீழ் இடத்தில் ஒரு சின்னத் திருகு வால்வு. ஜெர்மன்காரர் கேஎஃப்இ-ஹான் என்று சொல்லுவினம். நிரப்பவும் அதுதான், இறக்கவும் அதுதான். அது இல்லாத ஹைசுங் கிடையாது. ஆக மேல், ஒவ்வொரு அறை ரேடியேட்டரிலும் காற்று விடுகிற துளை. ஒக்டோபரில் ஹைசுங் கொடகொட என்று சத்தம் போட, அந்தச் சின்னத் திறப்பை எடுத்துக் காற்று விட்ட அனுபவம் உங்கள் எல்லாருக்கும் இருக்கும். லூப்பில் தண்ணித் தொட்டியை மேலே வைக்கிறதுக்கும் அதே காரணம்தான்: காற்று மேலே போகும், பாரமான தண்ணி கீழே நிற்கும்.

பிறகு பம்ப். வோட்டர் கூலிங் செய்கிற ஆக்கள் எல்லாருக்கும் டி5 என்ற பெயர் தெரியும். அதை உருவாக்கினது லாயிங் என்ற நிறுவனம், ஷ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ரெம்ஸெக்கில் இருந்தது. பிறகு ஐடிடி வாங்கி, இப்ப சைலெம் என்ற பெயரில் இருக்கு. லாயிங்கின் தொழிலே வீடுகளில் சுடுதண்ணியைச் சுத்தி ஓட விடுகிற சின்னப் பம்புகள்தான். டி5உம் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. கேமர்கள் பிறகுதான் அதைப் பிடித்துக்கொண்டினம். "கேமிங் பம்ப்" என்று நான் பெருமையாக வாங்கின சாமானைப் பார்த்து அப்பா "இது சுடுதண்ணிப் பம்ப் எல்லே" என்றார். சரிதான்.

ஃபிட்டிங் பூட்டுகிற ஜி 1/4 என்ற மரை? குழாய்க்காரரின் அங்குலக் கணக்கு. ஒழுகுதா என்று காற்றழுத்தம் குடுத்துப் பார்க்கிற வேலை? ஹைசுங் ஆக்கள் "அப்ட்ருக்கன்" என்று சொல்லி ஒவ்வொரு கட்டிடத்திலும் செய்கிறது. கேஸுக்குள் நான் கட்டினது புதுத் தொழில்நுட்பம் இல்லை. ஒரு சின்ன ஹைசுங். நான் அதை ஹைசுங் இல்லை என்று நினைத்ததுதான் பிரச்சினை.

சரி, லிஸ்ட்டை எந்த ஒழுங்கில் எழுதுவது?

*1. வடிகாலும் நிரப்புகிற வாயும்.* கேஸைத் தெரிவு செய்யும்போதே பாருங்கள்: ஆகக் கீழே எந்தப் பாகம் வரும், அதில் பாவிக்காத ஒரு துவாரம் இருக்குமா, அதுக்குப் பக்கத்தில் கை போகுமா. அங்கே ஒரு டி-துண்டு, ஒரு போல் வால்வு, கடைசியில் ஒரு மூடி. முழுச் செலவும் ஒரு விசிறியின் விலை அளவுதான். மேலே, தண்ணித் தொட்டியில், கேஸைக் கழட்டாமல் திறக்கக்கூடிய ஒரு வாய். வால்வைத் திறக்கும்போது மேல் மூடியையும் திறக்க வேணும், இல்லாவிட்டால் காற்று உள்ளே போகாது, தண்ணியும் வராது.

*2. உலோகம்.* செம்பு, பித்தளை, நிக்கல் பூசின செம்பு இவை மூன்றும் ஒரே லூப்பில் இருக்கலாம். அலுமினியம் கலக்கக் கூடாது. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணியைத் தொட்டால் அது ஒரு பற்றரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரிக்கத் தொடங்கும். மலிவான ரேடியேட்டர் கண்டால் முதலில் என்ன உலோகம் என்று வாசியுங்கள். இதை அப்பாவுக்குச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. வீட்டுத் தண்ணிக் குழாயில் செம்புக்குப் பிறகு, தண்ணி ஓடுகிற திசையில், நாகம் பூசின இரும்புக் குழாய் போடக்கூடாது என்று அவருக்கு முதல் வருசமே சொல்லிக் குடுத்திருக்கினம். அதே இரசாயனம். நான் பல்கலைக்கழகம் போன பிறகும் யூடியூபில்தான் இதைப் படிச்சன்.

*3. பம்ப்.* டி5ஆ டிடிசியா என்று கேட்கிறீர்கள். டிடிசி சின்னது, அழுத்தம் கூட, ஆனால் தானே சூடாகும். டி5 பெரிசு, அமைதி. இடம் இருந்தால் டி5, வேகம் மாத்தக்கூடியது. எதை வாங்கினாலும் தண்ணித் தொட்டி பம்புக்கு மேலே இருக்க வேணும். தண்ணிதான் அதுக்கு எண்ணெய் மாதிரி. உலர்ந்தபடி ஓட விட்டால் தாங்கி தேய்ந்து போகும்.

எத்தனை வேகம் போதும்? கணக்குப் பாருங்கள். ஒரு லீட்டர் தண்ணியை ஒரு பாகை சூடாக்க 4.2 கிலோஜூல் வேணும். மணிக்கு 120 லீட்டர் ஓடினால், அதாவது நிமிசத்துக்கு 2 லீட்டர், 600 வாட் சூடு அதுக்குள் போனாலும் தண்ணி ஏறக்குறைய 4 பாகைதான் கூடும். ஆகவே கார்டுக்குப் பிறகு சிபியுவா, சிபியுக்குப் பிறகு கார்டா என்று இரவு முழுக்க யோசிக்க வேண்டாம். எந்த வழியால் குழாய் நேராகப் போகுதோ அந்த வழி. ஹார்ட் டியூபில் ஒவ்வொரு வளைவும் பிழைக்கக்கூடிய ஒரு இடம்.

*4. ரேடியேட்டர்.* காசு இருக்கிற அளவுக்குப் பெரிசாக வாங்குங்கள் என்றுதான் எல்லாரும் சொல்லுவினம். நான் அளவோடு என்று சொல்லுறன். மியூனிக்குக்குப் பக்கத்தில் கார்ஷிங்கில் 2012இல் சூப்பர்மியூக் என்ற சூப்பர் கம்பியூட்டரைத் தொடங்கினபோது, அதைக் குளிராக்கினது ஏறக்குறைய 40 பாகைத் தண்ணி. அந்தச் சூட்டைக் கட்டிடத்தைச் சூடாக்கவும் பாவிச்சினம். 2025 செப்டெம்பரில் யூலிஷில் திறந்த யூப்பிட்டர், ஐரோப்பாவின் முதலாவது எக்ஸாஸ்கேல் மெஷின், அதுவும் வெதுவெதுப்பான தண்ணியில்தான் ஓடுது. டோர்ட்முண்டில் இருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போகலாம். சிப்புக்கு ஐஸ் தண்ணி தேவையில்லை. தண்ணி 38, 40 பாகையில் நின்றால் சிப் சந்தோசமாக இருக்கும். அதை 32க்கு இறக்க இன்னொரு ரேடியேட்டரும் மூன்று விசிறியும் நாலு ஃபிட்டிங்கும் வாங்குகிறது சத்தத்துக்காக என்றால் சரி. ஸ்கிரீன்ஷொட்டுக்காக என்றால் வீண்.

பொதுவாக, மெதுவாகச் சுத்துகிற விசிறியோடு ஒவ்வொரு 120 மி.மீ. இடத்துக்கும் ஒரு 100 வாட் என்று வைத்துத் தொடங்குங்கள். விசிறியின் வேகத்தைச் சிபியு சூட்டோடு கட்ட வேண்டாம், தண்ணிச் சூட்டோடு கட்டுங்கள். அதுக்கு ஒரு தண்ணி சென்சர் வேணும். அது நிற லைட்டை விட மலிவு.

*5. ஃபிட்டிங்.* உங்கட லிஸ்ட்டுகளில் ஆகப் பெரிய ஓட்டை இங்கேதான். எண்ணிப் பாருங்கள்: சிபியு ப்ளொக், கார்ட் ப்ளொக், இரண்டு ரேடியேட்டர், பம்பும் தொட்டியும். ஐந்து பாகம், ஒவ்வொன்றுக்கும் போக ஒன்று வர ஒன்று, பத்து ஃபிட்டிங். அதோடு 90 பாகை மூலைகள், டி-துண்டு, வால்வு, மூடிகள். ஒவ்வொன்றும் 5 யூரோவில் இருந்து 10 யூரோ என்றால், ஒரு ப்ளொக்கின் விலையைத் தாண்டும். இதை மறந்து விட்டுக் கடைசியில் காசு காணாமல் போக, பெயர் தெரியாத மலிவுப் பொதியை வாங்குகிறதுதான் வழமை. ஓ-ரிங் என்பது உங்கட கார்டுக்கும் தண்ணிக்கும் நடுவில் இருக்கிற ஒரே சாமான். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மாத்து ஓ-ரிங் ஒரு பொதியும் சேர்த்து வாங்குங்கள்.

12, 14, 16 மி.மீ. இதெல்லாம் குழாயின் வெளி அளவு. ஃபிட்டிங்கும் அதே அளவாக இருக்க வேணும். முடிந்தால் குழாயும் ஃபிட்டிங்கும் ஒரே நிறுவனத்துடையதாக எடுங்கள். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த வித்தியாசமே ஒழுக்குக்குப் போதும்.

நாங்கள் இருக்கிற நாடு இந்த விசயத்தில் அதிஸ்டமானது. கொட்டிங்கனுக்குப் பக்கத்தில் க்ளைஷனில் அக்வா கம்பியூட்டர், ப்ரவுன்ஷ்வைகில் அல்ஃபாகூல், ஹீட்கில்லர் செய்கிற வோட்டர்கூல் எல்லாம் இங்கேதான். தனியாக ஒரு ஓ-ரிங், ஒரு திருகாணி வேணும் என்றாலும் தேடி எடுக்கலாம். எந்த நிறுவனத்தை நம்பினாலும் ஜி 1/4 மரையை விட்டு விலகாதீர்கள். 2024 ஏப்ரலில், ஸ்லோவேனியாவின் ஈகே நிறுவனம் ஊழியர்களுக்கும் சப்ளையர்களுக்கும் காசு குடுக்கத் தாமதிக்குது என்று கேமர்ஸ் நெக்ஸஸ் செய்தி வெளியிட்டது. இந்தத் துறையின் ஆகப் பெரிய பெயர்களில் ஒன்று அது. அந்த நிறுவனத்தின் ப்ளொக் வைத்திருந்த ஆக்கள் பயப்படத் தேவையிருக்கவில்லை, ஏனென்றால் மரை எல்லாருக்கும் பொது. தன்னுடைய பார்ட் மட்டும்தான் பொருந்தும் என்று ஒரு நிறுவனம் சொன்னால், அது வடிவாக இருந்தாலும் விடுங்கள்.

*6. குழாய்.* பிஈடிஜியா அக்ரிலிக்கா? பிஈடிஜி வெட்டவும் வளைக்கவும் லேசு, இலகுவில் வெடிக்காது. ஆனால் குறைந்த சூட்டிலேயே இளகும். பம்ப் நின்று தண்ணி 60 பாகையைத் தாண்டினால் ஃபிட்டிங் பிடிக்கிற இடத்தில் உருமாறத் தொடங்கலாம். அக்ரிலிக் கூடச் சூடு தாங்கும், தெளிவாகவும் இருக்கும், ஆனால் அறுக்கும்போது வெடிக்கும். 1933இல் டார்ம்ஷ்டாட்டில் ஓட்டோ ரோமின் நிறுவனம் ப்ளெக்ஸிகிளாஸ் என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கினது இதைத்தான். அக்ரிலிக்கை ஐசோப்ரொபனோல் போட்டுத் துடைக்காதீர்கள், மயிர் மாதிரி வெடிப்பு விடும்.

எதை எடுத்தாலும் தேவைக்கு இரண்டு மடங்கு வாங்குங்கள். முதல் இரண்டு வளைவும் குப்பைக்குத்தான் போகும். விளிம்பு தேய்க்கிற கருவியை லிஸ்ட்டின் மேல் பக்கத்தில் எழுதுங்கள். அது பத்து யூரோவுக்கும் குறைவு. அது இல்லாததால் எனக்கு எவ்வளவு போனது என்று மேலே சொல்லிவிட்டன்.

*7. தண்ணி.* கடைசியில்தான் நிறம். கெட்டிலில் கல்க் பிடிச்சு அம்மா எசிக் ஊத்திக் கழுவுகிறதைப் பார்த்திருப்பீர்கள். அதே தண்ணியைக் குழாயில் இருந்து பிடிச்சு லூப்பில் ஊத்தக் கூடாது. பௌமார்க்ட்டில் விற்கிற உப்பு நீக்கின தண்ணியோடு அரிப்புத் தடுக்கிற கொன்சன்ட்ரேட் கலக்கலாம், அல்லது தயாராகக் கலந்து வருவதை வாங்கலாம். பால் மாதிரி இருக்கிற பாஸ்டல் நிறங்கள் ஃபோட்டோவுக்கு வடிவுதான். ஆனால் அதில் மிதக்கிறது சின்னத் துகள். நாளடைவில் அது ப்ளொக்குக்குள் இருக்கிற மயிரளவு இடைவெளிகளில் படியலாம். தெளிந்த தண்ணி போடுங்கள். நிறம் வேணும் என்றால் லைட்டால் குடுங்கள்.

நிரப்புகிறதுக்கு முதல் காற்றழுத்தச் சோதனை. சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு சின்னக் கருவி, மேலே ஒரு அழுத்தமானி. அரை பார் அளவு ஏத்தி, கால் மணித்தியாலம் ஊசி அசையுதா என்று பாருங்கள். தொட்டி செய்த நிறுவனம் சொல்லுகிற உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். ஊசி இறங்கினால் ஒழுக்கு இருக்கு. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணியும் இன்னும் உள்ளே இல்லை, ஒண்டும் நாசமாகாது.

"அப்படியென்றால் ஹார்ட் டியூபே எதுக்கு அண்ணா?"

இதையும் ஒருவர் எழுதியிருந்தார். வால்வு, டி-துண்டு, நேர்க் குழாய், தெளிந்த தண்ணி, பொது மரை என்றெல்லாம் பார்த்தால் வடிவு எங்கே என்று. நியாயமான கேள்வி. வால்வு ஒரு மூலையில் துருத்திக்கொண்டு நிற்கும், ஃபோட்டோவில் பிடிக்காது. அதை மறைக்கத்தான் கனபேர் போடாமல் விடுகினம்.

என்ர பதில்: அப்பாவின் கெல்லரில் இருந்த செம்புக் குழாய்கள், ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் திரும்பி நின்றன. ஒருத்தருக்கும் காட்ட இல்லை. அடுத்த முறை திறக்கிற ஆளுக்கு விளங்க வேணும் என்பதுக்காக. நான் பார்த்த எந்த ஃபோட்டோவை விடவும் அது வடிவாக இருந்தது. அதை அவர் கட்டி வருசக்கணக்காகியும் நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

எல்லார் அப்பாவும் ஹைசுங் வேலை செய்யவில்லை என்று தெரியும். ஒருவருடைய அம்மா துப்பரவு வேலை, ஒருவருடைய மாமா ஃபப்ரிக்கில் மெஷினுக்கு முன்னால, ஒருவருடைய சித்தப்பா லாகரில். அவர்களுக்கு எந்த மூலையில் ஊத்தை சேரும், எந்தத் திருகாணி எத்தனை சுற்றுக்கு மேல போனால் மரை போகும் என்று கைக்குத் தெரியும். ஜெர்மனில் அதைச் சொல்லச் சொல் வராமல் இருந்திருக்கலாம், தமிழில் சொன்னபோது நாங்கள் ஹெட்ஃபோன் போட்டிருந்தோம். நாங்கள் "ஐடி" ஆனது அவர்கள் அந்த வேலை செய்ததால்தான் என்று மேடையில் சொல்லுகிறோம். அந்த வேலைக்குள் அறிவு இருந்தது என்று மட்டும் சொல்லுகிறதில்லை.

இரண்டாவது மெஷினின் லிஸ்ட்டை நானும் அப்பாவும் சாப்பாட்டு மேசையில் ஒரு கடுதாசியில் எழுதினோம். முதல் வரி அவருடைய கையெழுத்து: "தண்ணி இறக்கிற இடம்". ஆறு வளைவு போட்டிருந்தன், இரண்டாகக் குறைச்சார். போன மாதம் தண்ணி மாத்தினோம். ஒரு சின்னப் போத்தல், ஒரு துண்டு ஹோஸ், வால்வைத் திருப்பினோம். தேத்தண்ணி ஆறுகிறதுக்கு முதல் முடிஞ்சுது.

அடுத்த எபிசோட்டில் வளைக்கிறதைப் பற்றி நேரடியாகக் கதைப்போம். அதுவரைக்கும் ஓர்டர் பண்ணுகிற பொத்தானை அமத்தாமல் லிஸ்ட்டை இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள், எல்லாத்தையும் வாசிப்பன். நிறத்தைப் பற்றி ஒண்டும் சொல்ல மாட்டன். ஒரே ஒரு கேள்விதான் கேட்பன், என்ன கேள்வி என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த கிழமை சந்திப்போம்.